ஆமியில சேராதே எண்டு ஆருக்குச் சொல்லப் போறம்?

(எங்கள் கூட்டின் லண்டன் கூட்டத்தில், வாக்கெடுப்புக்கு முன் நடந்த விவாதத்தைத் தொடக்கிவைத்துப் பேசியதன் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைத் திருத்தியிருக்கிறேன். பேசின தமிழை முழுக்கத் துடைத்து எடுக்கவில்லை.)



இண்டைக்கு எங்களுக்கு முன்னால இருக்கிற தீர்மானம் சின்னது. பிரித்தானிய இராணுவத்தில் இளையவர்கள் சேர்வதை எதிர்த்து எங்கள் கூட்டு பிரசாரம் செய்ய வேண்டும், பள்ளிக்கூட வாசலிலும் வேலைவாய்ப்புச் சந்தைகளிலும் துண்டுப்பிரசுரம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் வட்ஸ்அப் குழுவில இது வந்த நாள் தொடக்கம் ஒரே சண்டை. ஒரு தோழர், "இதில விவாதிக்க என்ன இருக்கு? ஏகாதிபத்திய ஆமி. சேராதே எண்டு சொல்லுறதுதானே" எண்டு எழுதினார். இன்னொரு தோழர், "வேலை வெட்டி இல்லாத ஊரில இருக்கிற பெடியனுக்கு வேலைக்குப் போகாதே எண்டு சொல்ல நாங்கள் ஆர்?" எண்டு கேட்டார். பிறகு ஒரு அக்கா எழுதினா: "எங்கட பிள்ளையளில ஆர் ஆமிக்குப் போகுது? ஏன் அடுத்தவன் வீட்டுப் பிரச்சினைக்குள்ள தலையை விடுறியள்?"

நான் தீர்மானத்துக்கு ஆதரவாகத்தான் வாக்களிக்கப் போறன். ஆனால் இப்ப எழுதியிருக்கிற வடிவத்துக்கு இல்லை. அந்த அக்காவின்ர கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்த வேலையில் இறங்கினால் நாங்கள் வாசலில் நிண்டு புத்தி சொல்லுற ஆக்களாகத்தான் முடிவோம்.

முதல்ல இந்த நாட்டில என்ன நடக்குது எண்டதைப் பார்ப்பம். 'ஆமி' எண்ட சொல்லைக் கேட்டாலே எங்கட வீடுகளில ஒரு படம் மட்டும்தான் வரும்: சோதனைச் சாவடி, ட்ரக், இரவில் வீட்டு வாசலில் பூட்ஸ் சத்தம். இங்கே பிறந்த எங்களுக்கும் அது அம்மா அப்பாவின் வாய்வழியாக வந்து சேர்ந்திருக்கு. அதனாலேயே இங்கத்தைய ஆமி எப்படி ஆளெடுக்குது எண்டதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். சனிக்கிழமை ஹை ஸ்ட்ரீட்டில மேசை போட்டு, ஏறுகிற சுவர் ஒண்டு வைச்சு, சின்னப் பிள்ளையளுக்குத் தொப்பி போட்டுப் படம் எடுத்து விடுவினம். பக்கத்தால கடந்து போற எங்கட சனத்துக்கு அதைப் பார்த்து ஆமி எண்ட எண்ணமே வராது.

பிரித்தானிய இராணுவத்துக்கு 15 வயதும் 7 மாதமும் ஆனால் விண்ணப்பிக்கலாம். 16 வயதில் பெற்றோரின் சம்மதத்தோடு சேரலாம். உலகத்தில் அரச படைக்கு 16 வயதுப் பிள்ளைகளை எடுக்கிற நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 16, 17 வயதில் சேர்பவர்களில் பெரும்பாலானவர்களை வட யோர்க்ஷயரில் இருக்கிற ஹரோகேற் இராணுவக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். சிறுவர் உரிமைச் சமவாயத்தின் கீழ் ஆயுத மோதலில் சிறுவர்கள் பற்றிய விருப்பு நெறிமுறை 2000 இல் வந்தது. பிரித்தானியா 2003 இல் அதை ஏற்றுக்கொண்டது, ஆனால் 16 வயதில் ஆளெடுப்போம் எண்ட பிரகடனத்தோடு. ஐநாவின் சிறுவர் உரிமைக் குழு வயதை உயர்த்துவதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லியும் ஒன்றும் அசையவில்லை. இதில எங்களுக்குக் கொஞ்சம் கசப்பான ஒரு தகவல். இலங்கை அரசு அதே நெறிமுறையை ஏற்றபோது தன்ர படைக்குக் குறைந்தபட்ச வயது 18 எண்டு பிரகடனம் செய்தது. அந்தப் படை பிறகு என்ன செய்தது எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனால் கடதாசியில் கொழும்பு லண்டனை விட இரண்டு வயது முன்னுக்கு நிற்கிறது.

ஆரைக் குறிவைக்கிறார்கள்? 2012 இல் ஆளெடுப்பு வேலையை கபிற்றா எண்ட தனியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 2017 தொடக்கத்தில் 'நீயும் எங்களில் ஒருத்தன்' எண்ட பொருளில் ஒரு விளம்பரத் தொடர் வந்தது. சண்டை இல்லை, துவக்குச் சத்தம் இல்லை, நண்பர்கள் சேர்ந்து தேத்தண்ணி குடிக்கிற மாதிரிக் காட்சிகள். அதற்கான உள்வட்ட ஆவணம் ஒன்று பத்திரிகையில் வெளியானபோது, முதன்மை இலக்கு 16 முதல் 24 வயது வரையான, சமூகப் படிநிலையில் கீழ்த்தட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் எண்டு எழுதியிருந்தது தெரிய வந்தது. அடுத்த ஆண்டு இன்னொண்டு வெளிவந்தது. ஜி.சி.எஸ்.ஈ. முடிவு வருகிற நாட்களைச் சுற்றி, 16 வயதுப் பிள்ளைகளின் பேஸ்புக்கில் ஆமி விளம்பரம் போட்டிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நிண்டு யோசியுங்கோ. ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை காலமை, கையில் கடித உறை. நினைத்த பெறுபேறு இல்லை. அந்த நேரத்தில் போனைத் திறந்தால், பரீட்சை சரிவரேல்லையா, பரவாயில்லை, எங்களிட்ட வா எண்ட தொனியில் ஒரு குரல். ரியூசன் வாத்தியார் முதல் மாமிமார் வரைக்கும் பெறுபேறு கேட்டு போன் எடுக்கிற வீட்டில வளர்ந்த எங்களுக்கு அந்தக் காலமை எப்படி இருக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இனி ஒப்பந்தம். துண்டுப்பிரசுரத்தில் ஏகாதிபத்தியம் பற்றி நாலு பந்தி எழுதியிருக்கிறோம், ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. என்ர முதல் ஆட்சேபம் இதுதான்.

வயது குறைந்த ஒரு பிள்ளை சேர்ந்தால், 18 ஆகும் வரை அறிவித்தல் கொடுத்து வெளியேறுகிற உரிமை அதற்கு உண்டு. முதல் சில வாரங்கள் மட்டும் விட மாட்டார்கள், பிறகு அறிவித்தல் காலம் எவ்வளவு எண்டது எவ்வளவு நாள் ஆச்சுது எண்டதைப் பொறுத்து மாறும். ஆனால் 18 வயது வந்தவுடன் அந்த வாசல் சாத்துப்படும். அதுக்குப் பிறகு 22 வயது வரை இருக்க வேண்டும். சேர்ந்தபோது 16 வயது, கட்டுப்படுத்துவது 22 வயது வரை. பொதுத் தேர்தலில் வாக்களிக்கிற உரிமையைத் தருகிற அதே 18 ஆவது பிறந்தநாள், வேலையை விடுகிற உரிமையை எடுத்துக்கொண்டு போகுது. 16 வயதில் ரெஸ்கோவில தட்டு அடுக்கப் போனால் அடுத்த கிழமையே விட்டுவிட்டு வரலாம். படையினருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் பொருந்தாது எண்டது சேர்ந்த பல பேருக்கே தெரியாது.

இன்னொண்டு. 16 வயதில் சேருகிறவர்களில் கூடுதலான பங்கு காலாட்படைக்குப் போகுது. மெக்கானிக் ஆகலாம், எலெக்ட்ரீஷியன் ஆகலாம் எண்டு விளம்பரத்தில் காட்டுகிற தொழில்நுட்பப் பிரிவுகளுக்குப் பெறுபேறு வேணும். பெறுபேறு இல்லாத பிள்ளைக்குத் திறந்திருக்கிற கதவு காலாட்படை. ஆப்கானிஸ்தானில் இறந்த பிரித்தானியப் படையினர் 457 பேர். அந்த யுத்தத்தில் அதிக ஆபத்தில் நிண்டதும் காலாட்படைதான். 18 ஆகாதவர்களைப் போர்முனைக்கு அனுப்புவதில்லை எண்டு அரசு சொல்லும், அது சரி. ஆனால் 16 இல் எந்தப் பிரிவுக்குக் கையெழுத்துப் போடுகிறாயோ, 18 இல் அங்கேதான் நிற்பாய். ஹரோகேற்றுக்கு 2021 இல் ஆஃப்ஸ்டெட் 'மிகச் சிறப்பு' எண்டு புள்ளி போட்டது. இரண்டு ஆண்டு கழித்து, அங்கே பயிற்றுநராக இருந்த ஒருவர் பயிற்சிக்கு வந்த இளையவர்களைத் துன்புறுத்தியதற்காக இராணுவ நீதிமன்றத்தால் சிறைக்குப் போனார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிற தாய்மாருக்கு இந்த இரண்டாவது செய்தியை ஆர் சொல்லுறது?

ஆக, "சேராதே" எண்டு சொல்லுறதுக்கு முதல் "இதைத் தெரிஞ்சுகொண்டு முடிவெடு" எண்டு சொல்ல எங்களுக்கு நிறைய இருக்கு. தகவல் கொடுப்பது தைரியமில்லாத அரசியல் எண்டு முதல் தோழர் நினைக்கக்கூடும். நான் அப்படி நினைக்கேல்ல. பள்ளிக்கூடத்துக்குள்ள போய் அரை மணித்தியாலம் கதைக்கிற ஆமிக்காரர் ஒப்பந்தத்தின் மற்றப் பக்கத்தைத் திறந்து காட்டப் போறதில்லை. அந்த இடைவெளியை நிரப்புகிறவர் ஏற்கெனவே அரசியல் செய்கிறார்.

இப்ப ஒரு கஷ்டமான இடம். சிறுவர் ஆளெடுப்பு எண்டு நாங்கள் ஆங்கிலத்தில் வாய் திறந்தால் எதிரில இருக்கிறவர் உடனே "உங்கட ஆக்கள்..." எண்டு தொடங்குவார். தொடங்கட்டும், ஏன் பயப்பட வேணும்? புலிகள் சிறுவர்களைச் சேர்த்தார்கள். யுனிசெஃப் பெயர், ஊரோடு பதிவுசெய்த சம்பவங்கள் 6,000 க்கு மேல். கருணா அணியும் கிழக்கில் அதையே செய்தது. 2006 க்குப் பிறகு வன்னியில் வீட்டுக்கு ஒருவர் எண்டு கேட்டபோது, பிள்ளைகளைப் பங்கருக்குள் ஒளித்து வைத்த குடும்பங்கள் இருந்தன. கலியாணம் கட்டினால் விடுவார்கள் எண்டு பதினாறு, பதினேழு வயதில் அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்த குடும்பங்கள் இருந்தன. அந்தத் தம்பதிகளில் சிலர் இண்டைக்கு ஹரோவிலயும் ஈஸ்ட் ஹாமிலயும் இருக்கினம். எங்கட அமைப்புகள் பல இதை வாயால சொல்லாது. இடதுசாரிகள் எண்டு சொல்லிக்கொள்கிற நாங்கள் சொல்லாமல் விட முடியாது. 16 வயது பிழை எண்டால் கிளிநொச்சியிலும் பிழை, ஹரோகேற்றிலும் பிழை. கட்டாயமாகப் பிடிச்சுக்கொண்டு போறதும் சம்பளம் காட்டிக் கூப்பிடுறதும் ஒண்டில்லை, அந்த வித்தியாசத்தை மழுப்பக்கூடாது. ஆனால் இந்த நாட்டில் ஆரும் இதைப் பேசலாம் எண்டால் அது அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளாக ஏன் இருக்கக்கூடாது?

"எங்களுக்கு என்ன" எண்டு கேட்ட அக்காவுக்கு என்ர முதல் பதில் இது. இன்னொரு பதில், இந்த ஆமிக்கும் எங்களுக்கும் நேரடிக் கணக்கே இருக்கு. 1984 இல் தொடங்கி விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது கே.எம்.எஸ். எண்ட பிரித்தானியக் கூலிப்படை நிறுவனம். அதை நடத்தியவர்கள் இந்த நாட்டு விசேட படையில் இருந்து வெளியே வந்த ஆக்கள். பில் மில்லர் எழுதிய 'கீனி மீனி' எண்ட புத்தகம் 2020 இல் வந்தது, அதே ஆண்டு லண்டன் பொலிஸ் போர்க்குற்ற விசாரணை ஒன்றையும் தொடங்கியது. மட்டக்களப்பில் எஸ்.ரி.எஃப். எண்ட பெயரைக் கேட்டுப் பார்த்தால் சனம் சொல்லும். இங்கே ஒரு பெடியன் கற்றுக்கொள்கிற தொழில் இங்கேயே நிற்பதில்லை.

இப்ப இரண்டாவது தோழரின் கேள்விக்கு வாறன்: வேலைக்குப் போகாதே எண்டு சொல்ல நாங்கள் ஆர்?

2018 யூன் மாதம் விசுவமடுவில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒரு கேணல் இடமாற்றம் பெற்றுப் போகும்போது, அந்தத் திணைக்களத்தின் பண்ணைகளில் வேலை செய்த தமிழ்ச் சனம், முன்னாள் போராளிகள் உட்பட, அழுது வழியனுப்பினார்கள். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் படங்கள் வந்த அண்டைக்கு புலம்பெயர் பேஸ்புக் பற்றி எரிஞ்சுது. துரோகி, விலைபோனவன், மானம் கெட்ட சனம். எழுதினவர்களில் பாதிப் பேர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் மாதச் சம்பளம் எடுக்கிற ஆக்கள்.

அந்தச் சனம் ஏன் அழுதது? காலும் கையும் இழந்த ஆக்களுக்கு, பிணைக்கு ஆளில்லாத பெண்களுக்கு, புனர்வாழ்வு முகாமில் இருந்து வெளியே வந்து எவரும் வேலை குடுக்காத பெடியளுக்கு, மாதம் முடிய ஒழுங்காகச் சம்பளம் வந்தது அந்த ஒரு இடத்தில இருந்துதான். முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் அதேதான். மாகாண சபை குடுத்த தொகையை விடப் பல மடங்கு கூடுதலாகத் திணைக்களம் குடுத்தது. அது இராணுவமயமாக்கல்தான், அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பிள்ளைகள் ஆனா ஆவன்னா எழுதுகிற இடத்துக்குள்ள படையைக் கொண்டுவந்து வைக்கிற வேலை. ஆனால் அந்த ஆசிரியையைத் துரோகி எண்டு எழுதினதால ஒரு முன்பள்ளியாவது படையிட்ட இருந்து திரும்பி வந்ததா? வேறு சம்பளம் ஏற்பாடு செய்தோமா? தூக்கி எறி எண்டு சொல்லுறதுக்கு முதல், எறிஞ்ச பிறகு அவள் எதைச் சாப்பிடுவாள் எண்டு கேட்க வேணும்.

இங்கேயும் அதே கணக்குத்தான். இங்கிலாந்தில் 16 முதல் 18 வயது வரை படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 30 பவுண்ட் வரை ஒரு கல்விக் கொடுப்பனவு இருந்தது, ஈ.எம்.ஏ. எண்டு சொல்லுவினம். 2010 இல் கூட்டணி அரசு அதை நிற்பாட்டப் போவதாக அறிவித்தது, அடுத்த ஆண்டு முடிந்துபோச்சு. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இன்னும் இருக்கு. 2012 இல் பல்கலைக்கழகக் கட்டணம் 9,000 பவுண்ட் ஆனது. பஸ் காசு இல்லாமல் கல்லூரியை விடுகிற பிள்ளைக்குச் சம்பளமும் சாப்பாடும் படுக்கையும் குடுத்துப் படிப்பிக்கிறம் எண்டு சொல்லுற ஒரே இடம் ஆமி எண்டால், அந்தப் பிள்ளை புத்தி குறைஞ்சு போய்ச் சேரேல்ல. கணக்குப் பார்த்துத்தான் சேருது. எங்கட துண்டுப்பிரசுரத்தில 'ஏமாற்றப்பட்ட இளைஞர்கள்' எண்டு ஒரு தலைப்பு இருக்கு. தயவுசெய்து அதை எடுங்கோ.

சேர்ந்த ஆக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1946 பெப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் 'தல்வார்' எண்ட பயிற்சித் தளத்தில் தொடங்கின கடற்படைக் கிளர்ச்சி, சில நாளில் 70 க்கு மேற்பட்ட கப்பல்களுக்கும் ஏறக்குறைய 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. அவர்கள் புரட்சி செய்யவெண்டு கடற்படைக்குப் போன ஆக்கள் இல்லை. சம்பளத்துக்கும் தொழிலுக்கும் போனவர்கள். சேரும்போது சொன்னது ஒண்டு, உள்ளே கிடைச்சது வேறொண்டு: கெட்டுப்போன சாப்பாடு, அதிகாரிகளின் இனவெறிப் பேச்சு. அந்தக் கோபம்தான் முதல் பொறி. அதுக்கு நாலு வருசம் முந்தி, 1942 மே மாதம், கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் கிளர்ந்தார்கள். மூன்று பேரைக் கொழும்பில் தூக்கில் போட்டது பிரித்தானியா. இதைச் சொல்லி, "பார்த்தியளா, உள்ளுக்கை போய்த்தான் மாற்றலாம்" எண்டு வாதிடுகிற தோழர்கள் இருக்கினம். நான் அந்தப் பக்கம் இல்லை, உள்ளே போய் மாற்றப் போறன் எண்டவர்களை உள்ளே இருப்பது மாற்றிவிடுகிற கதைதான் கூட. ஆனால் பம்பாயில் மாலுமிகள் எழும்பினபோது ஊரும் ஆலைத் தொழிலாளரும் அவர்களுக்காகத் தெருவுக்கு வந்தார்கள், சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்தார்கள். சீருடை போட்டவன் எல்லாம் எதிரி எண்டு அந்தச் சனம் நினைச்சிருந்தால் அது நடந்திருக்காது. ஆகவே ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளையை, அவளின் தாயை, வெட்கப்படுத்துகிற ஒரு சொல்லும் எங்கட கையால போகக்கூடாது. வெளியே வர நினைக்கிற ஒரு 17 வயதுப் பிள்ளை எங்களைத் தேடி வரக்கூடிய மாதிரி நாங்கள் இருக்க வேணும்.

சரி, "எங்கட பிள்ளையளில ஆர் போகுது?"

உண்மை, காலாட்படைக்குப் போகேல்ல. எங்கட வீடுகளில பதினாறு வயதுப் பிள்ளை ஆமிக்குப் போறன் எண்டு சொன்னால் வீடு ரெண்டாகும். ஆனால் அதே வீட்டில, எஞ்சினியரிங் முடிச்ச பிள்ளைக்கு பிஏஈ சிஸ்டம்ஸில வேலை கிடைச்சால்? கேக் வெட்டுவினம். கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வினம். நான் படிக்கிற பல்கலைக்கழக வேலைவாய்ப்புச் சந்தையில் ஆயுத நிறுவனங்களின் மேசைக்கு முன்னால நிக்கிற வரிசையைப் பாருங்கோ. எத்தினை பேரின்ர பெயர் '-நாதன்' எண்டும் '-ராசா' எண்டும் முடியுது எண்டு பாருங்கோ. எஃப்-35 விமானத்தின் பெறுமதியில் ஏறக்குறைய 15 வீதம் பிரித்தானியத் தொழிற்சாலைகளில் இருந்து வருது. அதன் பின் உடற்பகுதியை லங்காஷயரில், சாம்ல்ஸ்பரியில் பிஏஈ செய்கிறது. அந்த விமானங்கள் காசாவுக்கு மேலால பறந்ததைத் திரையில் பார்த்துவிட்டு, முள்ளிவாய்க்கால் மாதிரியே இருக்குது எண்டு அழுத வீடுகள் எங்கட வீடுகள். இரண்டும் ஒரே வீட்டில நடக்குது.

இதுவும் ஆளெடுப்புத்தான், வர்க்கம் வேறு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் தோற்ற பிள்ளைக்குத் துவக்கு, வெண்ட பிள்ளைக்குத் துவக்கை வடிவமைக்கிற மேசை. எங்கட தீர்மானம் முதலாவது பிள்ளையின்ர பள்ளிக்கூட வாசலுக்குப் போகச் சொல்லுது. இரண்டாவது பிள்ளையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல, ஏனெண்டால் அது எங்கட மச்சாள், எங்கட தம்பி, சிலவேளை இந்த மண்டபத்தில இருக்கிற நாங்களே. அந்த முதல் பிள்ளைக்கு இருக்கிறது ரெண்டு மூண்டு வழி. ஆமிக்குப் போகாதே எண்டால் அவனுக்கு மிஞ்சுறது கிடங்கு வேலை. எஞ்சினியருக்கு இருபது வழி இருக்கு. தெரிவு கூட இருக்கிறவனிட்டத்தான் கேள்வியைக் கடுமையாகக் கேட்க வேணும். நாங்கள் தலைகீழாகத் தொடங்கப் பார்க்கிறம்.

அக்காவுக்கு இன்னுமொரு தகவல். 2018 இல் பொதுநலவாய நாட்டுக் குடிமக்களுக்கு இருந்த ஐந்து வருட வதிவிட நிபந்தனையை நீக்கி, இங்கே ஒரு நாளும் வாழாதவர்களும் விண்ணப்பிக்கலாம் எண்டு அறிவித்தார்கள், வருடத்துக்கு 1,350 பேர் எண்ட உச்ச அளவோடு. இலங்கையும் இந்தியாவும் பொதுநலவாயத்தில்தான் இருக்கு. விசா இல்லாமல் அல்லாடுற எங்கட பெடியனுக்கு ஒரு ஏஜென்ட் இதைக் காட்ட எவ்வளவு நேரம் எடுக்கும்? அப்படிச் சேர்ந்து சேவை முடித்தவர்களிடமே நிரந்தர வதிவிடத்துக்கு ஒரு ஆளுக்கு 2,389 பவுண்ட் கட்டணம் கேட்டது இந்த அரசு. பிஜிக்காரரும் மற்றவர்களும் வருடக்கணக்காகப் போராடின பிறகுதான் 2022 இல், ஆறு வருடம் சேவை செய்தவர்களுக்கு அதை விட்டுக்குடுத்தது. மனைவி பிள்ளைகளுக்கான கட்டணம் அதில சேரேல்ல.

கடைசியாகச் சட்டம், ஏனெண்டால் இந்த அறையில எல்லாருக்கும் ஒரே பாஸ்போட் இல்லை. படையில் இன்னும் சேராத ஒருவருக்குச் சேராதே எண்டு சொல்லுறதும், படையில் இருக்கிற ஒருவரிடம் கடமையை விட்டு வா எண்டு சொல்லுறதும் வேறு வேறு. இரண்டாவதுக்கு 1934 ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இன்னும் இருக்கு, படையினரைக் கடமையில் இருந்தும் விசுவாசத்தில் இருந்தும் வழிதவறச் செய்வது குற்றம் எண்டு. பற் அரோஸ்மித் எண்ட சமாதானச் செயற்பாட்டாளர் வட அயர்லாந்துக்குப் போகவேண்டாம் எண்டு படையினருக்குத் துண்டுப்பிரசுரம் குடுத்ததற்காக 1974 இல் அந்தச் சட்டத்தில் சிறை போனா. அடுத்த ஆண்டு அதே விவகாரத்தில் இன்னும் 14 பேரை வழக்குக்குக் கொண்டுபோனார்கள், நடுவர் குழு விடுதலை செய்தது. ஆகவே படைமுகாம் வாசல் எங்கட வேலைத்திட்டத்தில் இருக்கக்கூடாது, சட்டத்தரணியோட கதைக்கும் வரைக்குமாவது. மாணவர் விசாவிலும் அகதி விண்ணப்பத்திலும் இருக்கிற தோழர்கள் மேசையில நிக்க வேண்டாம். எழுதலாம், மொழிபெயர்க்கலாம், போன் எடுக்கலாம். வாசலில நிக்கிறது இங்கே பிறந்த எங்கட வேலை.

தீர்மானத்துக்கு என்ர திருத்தங்களைச் சொல்லுறன். ஆளெடுப்பு வயதை 18 ஆக்கச் சொல்லுற கோரிக்கையையும், ஈ.எம்.ஏ.யைத் திருப்பிக் கேட்கிற கோரிக்கையையும் சேர்த்து ஒரே வரியில எழுதுவம், ஒண்டை விட்டு ஒண்டு வேண்டாம். துண்டுப்பிரசுரத்தின்ர முதல் பக்கம் முழுக்க ஒப்பந்தம்: எத்தினை வயதில் வெளியே வரலாம், எப்பிடி எழுதிக் குடுக்கிறது, 18 க்குப் பிறகு என்ன. ஏகாதிபத்தியம் பின்பக்கத்துக்குப் போகட்டும், அங்கே கே.எம்.எஸ். கதை வரட்டும். தமிழிலயும் ஒரு பதிப்பு வேணும், சம்மதக் கையெழுத்துப் போடுகிறது அம்மா அப்பா எண்டபடியால்.

பள்ளிக்கூட வாசலுக்கு முதல், ஒக்டோபரில எங்கட கம்பஸ் வேலைவாய்ப்புச் சந்தைகளில தொடங்குவம். ஆயுத நிறுவன மேசைகளுக்கு முன்னால, எங்கட பெயர் உள்ள ஆக்களிட்ட, தமிழில. வீட்டில சண்டை வரும் எண்டு தெரியும். என்ர பெரியம்மாவின்ர மகன் அப்படி ஒரு நிறுவனத்திலதான் வேலை செய்கிறார், வாற மாதம் அவற்ற வீடு குடிபூரலுக்குப் போக இருக்கு.

திருத்தின துண்டுப்பிரசுரத்தின்ர வரைபு கதவடி மேசையில இருக்கு. பதினாறு வயதில தம்பி தங்கச்சி இருக்கிற ஆக்கள் ஒரு பிரதி கொண்டுபோய் வாசிக்கக் குடுங்கோ. எந்த வரியில நிப்பாட்டினம் எண்டு குறிச்சுக்கொண்டு வாங்கோ. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அச்சுக்குக் குடுக்க வேணும்.